பாப்டிஸ்ட் ஹிம்னல், 1991 பதிப்பு: பழைய பிரதியை நம்பி வாங்கலாமா?

பாப்டிஸ்ட் சபைகளின் தலையில் ஒரு பாட்டுப் புத்தகத்தை யாரும் கட்டிவிட முடியாது. பேராயர் கிடையாது, எல்லாச் சபைகளையும் ஆளும் சினோடு என்ற மன்றமும் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும். எந்தப் புத்தகத்தில் பாடுவது என்பதும் அந்தக் காரியங்களில் ஒன்று. அதனால் பாப்டிஸ்ட் ஹிம்னல் என்பது முதலும் முடிவுமாக ஒரு கடைச்சரக்கு. சபைக்குப் பிடித்தால் பெட்டி பெட்டியாகப் போகும், பிடிக்காவிட்டால் கிடங்கில் கிடக்கும்.

அமெரிக்காவின் சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளுக்காக நாஷ்வில்லில் இருந்து இந்தப் பெயரில் நான்கு பதிப்புகள் வந்திருக்கின்றன: 1956, 1975, 1991, 2008. இங்கே அலசப்போவது வெஸ்லி ஃபோர்பிஸ் பதிப்பாசிரியராக இருந்து, கன்வென்ஷன் பிரஸ் வெளியிட்ட 1991 புத்தகத்தை. பல சபைகள் 2008 பதிப்புக்கோ, வார்த்தைகளைக் காட்டும் வெறும் திரைக்கோ மாறிவிட்டதால் இதன் பழைய பிரதிகள் கட்டுக்கட்டாக விற்பனைக்கு வருகின்றன. பியானோ, கிட்டார் ஏதும் இல்லாமல் நாற்பது ஐம்பது பேர் வாய்விட்டுப் பாடவேண்டிய கூட்டத்துக்கு நான்கு பதிப்புகளில் இதுதான் தோதானது. குறைகளும் இருக்கின்றன. அவற்றில் பாதி, பாட்டுகளின் தேர்வில் இல்லை. பக்கத்தை அச்சிட்ட விதத்தில் இருக்கிறது.

அந்தப் பக்கம் ஏன் அப்படி ஆனது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சபையாகக் கூடிப் பாடலாமா என்பதே பாப்டிஸ்ட்களிடையே சண்டைக்குரிய கேள்வி. 1689-ல் கூடிய ஜெனரல் பாப்டிஸ்ட் பொதுச்சபை அதை வேண்டாத வேலை என்றே ஒதுக்கியது. இன்னொரு கிளையான பர்டிகுலர் பாப்டிஸ்ட்களில், லண்டன் சதக் பகுதியின் ஹார்ஸ்லிடவுன் சபைப் போதகர் பெஞ்சமின் கீச் 1673 வாக்கில் இராப்போஜனம் முடிந்ததும் ஒரு பாட்டு என்று தொடங்கினார். ஞாயிறுதோறும் பாட்டு என்ற நிலைக்கு வர 1691 ஆகிவிட்டது. அப்போதும் பிரசங்கம் முடிந்த பிறகுதான் பாட்டு. பிடிக்காதவர்கள் அதற்குமுன் எழுந்து போய்விடலாம் என்று ஏற்பாடு. ஐசக் மார்லோ என்பவர் எதிர்த்துப் புத்தகமே போட்டார். எழுதிவைத்த வார்த்தையைப் பாடுவது எழுதிவைத்த ஜெபத்தைப் படிப்பது போலத்தான், விசுவாசியும் அவிசுவாசியும் சேர்ந்து பாடுவது எப்படித் துதியாகும், பெண்கள் சபையில் வாய்திறக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். கீச்சும் அதே 1691-ல் பதில் புத்தகம் எழுதி, கூடவே 300-ஐ ஒட்டிய பாட்டுகளுடன் ஒரு தொகுப்பையும் வெளியிட்டார். ஒப்பாதவர்கள் பிரிந்துபோய் மேஸ் பாண்ட் என்ற இடத்தில் தனிச்சபை தொடங்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அந்த மேஸ் பாண்ட் சபையும் பாடத் தொடங்கியது. வரவிருந்த போதகர், பாட்டு இல்லாத சபைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்!

கீச்சுக்குப் பிறகு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பாப்டிஸ்ட் பாட்டுப் புத்தகம் என்றால் உள்ளங்கையில் அடங்கும் வார்த்தைப் புத்தகம்தான். மெட்டு அச்சில் இருக்காது. லண்டனில் ஜான் ரிப்பன் 1787-ல் கொண்டுவந்த தொகுப்பும் அப்படிப்பட்டதுதான். மெட்டுகளைத் தனிப் புத்தகமாக 1791-ல் போட்டார். பேசில் மேன்லி தந்தையும் மகனும் தொகுத்து, தெற்குக் கரோலினாவில் 1850-ல் வெளியான 'பாப்டிஸ்ட் சால்மடி'யில் 1,300-ஐ ஒட்டிய பாட்டுகள். நோட்டு இல்லாததால்தான் அத்தனையும் ஒரு புத்தகத்துக்குள் அடங்கின. அலபாமாவில் பெஞ்சமின் லாயிட் 1841-ல் தொகுத்த பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் புத்தகம் அதே வடிவில் இன்றும் அச்சாகிறது. கெண்டகியின் ஓல்டு ரெகுலர் பாப்டிஸ்ட்களிடம் போனால், முன்னோடி ஒரு வரியை வேகமாக ராகத்தோடு எடுத்துக்கொடுக்க, சபை அதை வாங்கி நீட்டி நீட்டி ஒரே குரலில் பாடுவதை இப்போதும் கேட்கலாம். ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் 1997-ல் இதை ஒலிப்பதிவாக வெளியிட்டிருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நோட்டும் வார்த்தையும் ஒரே பக்கத்தில் சேர்ந்தன. நோட்டு எழுதும் ஐந்து கோடுகளின் தொகுதிதான் ஸ்டாஃப். அமெரிக்க வழக்கத்தில் மேல் ஸ்டாஃபுக்கும் கீழ் ஸ்டாஃபுக்கும் நடுவே சரணங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்குவார்கள். 1991 ஹிம்னலும் அப்படியே. மெட்டு தெரியாதவருக்கு இது பெரிய வசதி, எந்த அசை எந்த நோட்டில் விழும் என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அடுக்கு நான்கைத் தாண்டினால் கண் தடுமாறும். ஒரு வரி முடிந்து அடுத்த ஸ்டாஃபுக்கு இறங்கும்போது நான்காம் சரணம் பாடுகிறவர் மூன்றாவதில் போய் விழுவார். சபையில் திடீரென்று பாதிப்பேர் ஒன்றும் மீதிப்பேர் இன்னொன்றும் பாடினால், பெரும்பாலும் இந்த இறக்கத்தில்தான் பிசகியிருக்கும். அதனால் தொகுப்பாளர்கள் நான்கு சரணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 'ஹவ் ஃபர்ம் எ ஃபவுண்டேஷன்' ரிப்பனின் 1787 தொகுப்பில் முதன்முதலாக வந்தபோது ஏழு சரணங்கள். இன்றைய புத்தகங்களில் பொதுவாக நான்கோ ஐந்தோ. எழுதியவர் பெயருக்கு ரிப்பன் போட்டது 'கே' என்ற ஒற்றை எழுத்தும் ஒரு கோடும் மட்டுமே.

அச்சு ஒருமுறை வெட்டியது போதாதென்று, பாடவைப்பவர் இன்னொருமுறை வெட்டுவார். "ஒன்று, இரண்டு, கடைசி" என்று அறிவிப்பது சதர்ன் பாப்டிஸ்ட் பழக்கம். மூன்றாம் சரணத்தைப் பாடாத சபை என்று அவர்களே கேலி பேசிக்கொள்வார்கள். 'கம் தௌ ஆல்மைட்டி கிங்' பாட்டில் இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். முதல் சரணம் பிதாவை நோக்கி, இரண்டாவது குமாரனை, மூன்றாவது பரிசுத்த ஆவியை, நான்காவது திரியேகரை. மூன்றை விட்டால் பரிசுத்த ஆவியையே விட்டாயிற்று. புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது, நான்கையும் அச்சிட்டிருக்கிறார்கள். இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆராதனைக்குப் பாட்டு எடுப்பவர்கள், எண்ணை எழுதிக்கொடுக்குமுன் எல்லாச் சரணங்களையும் ஒருமுறை கவிதையாக வாசித்துவிட வேண்டும். ஸ்டாஃபுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடப்பதால் பாடும்போது அர்த்தம் முழுசாகக் கண்ணில் படாது.

1991 பதிப்பில் பணம் கொடுத்து வாங்கத் தகுந்த பகுதி, ஆச்சரியமாக, பின்பக்கத்து அட்டவணைகள். பாட்டின் முதல் வரி, பொருள், மெட்டின் பெயர் என்று பல அட்டவணைகள் உண்டு. பலரும் திறந்தே பார்க்காதது மீட்டர் அட்டவணை. தமிழ்ப் பாமாலையில் ஒரே மெட்டில் நான்கைந்து பாட்டு பாடிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு சரணத்தின் ஒவ்வொரு வரியிலும் எத்தனை அசை என்ற எண்ணிக்கைதான் மீட்டர். 8.6.8.6 என்றால் சி.எம். (காமன் மீட்டர்); நான்கும் எட்டு என்றால் எல்.எம். (லாங் மீட்டர்); 6.6.8.6 என்றால் எஸ்.எம். (ஷார்ட் மீட்டர்). சபைக்குத் தெரியாத மெட்டில் நல்ல வார்த்தைகள் மாட்டிக்கொண்டிருந்தால், அதே மீட்டரில் தெரிந்த மெட்டைத் தேடி மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றுவதில் மூன்று இடங்களில் சறுக்கும். எண் பொருந்தினால் போதாது, அழுத்தமும் பொருந்தவேண்டும். 'கம் தௌ லாங் எக்ஸ்பெக்டட் ஜீசஸ்' பாட்டும் 8.7.8.7, 'த கிங் ஆஃப் லவ் மை ஷெப்பர்ட் இஸ்' பாட்டும் 8.7.8.7. முன்னது அழுத்தமான அசையில் தொடங்கும், பின்னது மெலிந்த அசையில். ஒன்றின் மெட்டை இன்னொன்றுக்குப் போட்டால் அழுத்தம் எல்லாம் தப்பான அசையில் விழுந்து வார்த்தை கோணிப்போகும். மேசையைத் தட்டிக்கொண்டு முதல் வரியைச் சொல்லிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

அடுத்தது, வரியைத் திருப்பிப் பாடும் மெட்டுகள். ஆலிவர் ஹோல்டன் 1793-ல் வெளியிட்ட கொரோனேஷன் மெட்டு கடைசி இரண்டு வரியைத் திரும்பப் பாடவைக்கும். 'ஆல் ஹெயில் த பவர்' பாட்டுக்கு அது கிரீடம் வைத்தாற்போல் அமைந்துவிட்டது. வேறொரு சி.எம். பாட்டில் மூன்றாம் வரி வாக்கியத்தின் நடுவில் தொடங்குமானால், தலையில்லாத வாக்கியத்தைச் சபை இரண்டு முறை முழங்கும்.

இதையும் தாண்டியது பாட்டின் உணர்ச்சி. ஐசக் வாட்ஸின் 'அலாஸ் அண்ட் டிட் மை சேவியர் ப்ளீட்' சி.எம்.; கிறிஸ்துமஸில் 'ஜாய் டு த வேர்ல்ட்' பாடும் அந்தியோக் மெட்டும் சி.எம். இரண்டையும் ஒட்டினால் கணக்கு சரியாக வரும். சிலுவையில் இரட்சகர் இரத்தம் சிந்தியதை ஊர்வலப் பாட்டு மாதிரி துள்ளித் துள்ளிப் பாடவேண்டிவரும், அவ்வளவுதான்.

கருவி இல்லாமல் பாடுவதற்கு இந்தப் புத்தகம் தோது என்று சொன்னதன் காரணம் பழைய அமெரிக்க மெட்டுகள். நியூ பிரிட்டன் என்பது 'அமேசிங் கிரேஸ்' பாட்டின் மெட்டு. ஃபவுண்டேஷன், பீச் ஸ்பிரிங் எல்லாம் அதே குடும்பம். ஐந்தே ஸ்வரம், நம் காதுக்கு மோகனம் போலவே கேட்கும். அரைஸ்வர இடைவெளி இல்லாததால் பயிற்சி இல்லாத கூட்டம் பாடினாலும் சுருதி எளிதில் சரியாது. நியூ பிரிட்டனை ஜி கீயில் எடுத்தால் கீழ் டி முதல் மேல் டி வரை, சரியாக ஒரு ஸ்தாயி, எல்லாருக்கும் எட்டும். ஜான் நியூட்டனின் வார்த்தைகள் 1779-ல் அச்சானவை. அவற்றை இந்த மெட்டோடு முடிச்சுப்போட்டது வில்லியம் வாக்கர் என்ற தெற்குக் கரோலினா பாப்டிஸ்ட், தன் 1835 'சதர்ன் ஹார்மனி' தொகுப்பில். "பத்தாயிரம் ஆண்டுகள்" என்று வரும் கடைசிச் சரணம் நியூட்டனுடையது அல்ல, வேறு பாட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. சபைகள் அதைத்தான் உரக்கப் பாடுகின்றன.

கீ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் புத்தகங்களை வைத்துப் பார்த்தால் புதிய ஹிம்னல்கள் பல மெட்டுகளைக் கீழே இறக்கியிருக்கின்றன. எல்லாரும் மேல்குரலையே பாடுவதால் சி, டி தாண்டினால் ஆண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். இறக்கினால் அவர்கள் பாடுவார்கள், உண்மைதான். ஆனால் நான்கு குரலையும் சேர்த்தே இறக்குவதால் ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் கிணற்றுக்குள் போய்விடும், பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ முணுமுணுப்பாகிவிடும். நான்கு பாகமாகப் பாடும் கொயர் இருந்தால் அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரே குரலில் பாடும் சபைக்கு அச்சில் உள்ளபடியே போதும்.

கோஸ்பல் பாட்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, தேவையானவை இருக்கின்றன. பாப்டிஸ்ட் போதகர் ராபர்ட் லவுரி எழுதிய 'நத்திங் பட் த ப்ளட்' போன்றவை பல்லவி உள்ளவை. புத்தகம் இல்லாதவரும் இரண்டாம் முறை பல்லவியில் சேர்ந்துகொள்வார். பிரசங்கத்துக்குப் பின்வரும் அழைப்புப் பாட்டுக்கு 'ஜஸ்ட் அஸ் ஐ ஆம்' ஏன் இத்தனை உழைக்கிறது என்பதும் அமைப்பைப் பார்த்தால் புரியும். எல்லாச் சரணமும் ஒரே சொற்களில் தொடங்கி ஒரே சொற்களில் முடிகிறது. முன்னே வருபவருக்காக எத்தனை சரணம் நீட்டினாலும், எங்கே நிறுத்தினாலும், பாட்டு முடிந்ததாகவே இருக்கும்.

ஞானஸ்நானத்துக்கென்று தனிப்பகுதி இருப்பதைப் பாப்டிஸ்ட் அல்லாதவர்கள் கவனிக்காமல் போகக்கூடும். பர்மா மிஷனரி அதோனிராம் ஜட்சன் எழுதிய 'கம் ஹோலி ஸ்பிரிட் டவ் டிவைன்' அங்கே இருக்கிறது. அது எல்.எம்., நான்கே வரி. ஒருவர் தண்ணீரிலிருந்து ஏறி அடுத்தவர் இறங்கும் இடைவெளிக்கு ஒரு சரணம் கச்சிதம். பல்லவியும், நடுவே பிரிட்ஜ் என்ற தனிப்பகுதியும் உள்ள நீளப் பாட்டை இங்கே எடுத்தால் போதகர் ஈர அங்கியோடு காத்து நிற்கவேண்டியதுதான்.

நம் பக்கத்துச் சேதி ஒன்று: வங்காளத்தில் ஊழியம் செய்த பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி 1800 டிசம்பரில் ஞானஸ்நானம் கொடுத்த முதல் வங்காளி கிருஷ்ண பால் எழுதிய வங்காளப் பாட்டு, கேரியின் சகா மார்ஷ்மேனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தக் காலப் பாப்டிஸ்ட் தொகுப்புகளுக்குள் நுழைந்தது. பழைய புத்தகங்கள் கிடைத்தால் ஆசிரியர் அட்டவணையில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

2008 பதிப்போடு ஒப்பிடாமல் முடியாது. அது வெறும் புத்தகம் அல்ல. ஒவ்வொரு பாட்டுக்கும் இசைக்குழு நோட்டு, கிட்டார் கார்டு, பின்னணி ஒலி என்று இணையத்தில் தனித்தனியே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டின் அச்சுமுகம் அது. இதே உள்ளடக்கம் 'ஒர்ஷிப் ஹிம்னல்' என்ற வேறு அட்டையிலும் வந்தது, பாப்டிஸ்ட் என்ற பெயரை விரும்பாத சபைகளுக்காக. வாத்தியக்குழு வைத்திருப்பவர்கள் அதைத்தான் வாங்கவேண்டும், தயக்கமே வேண்டாம். ஆனால் அதில் கூடுதலாக வந்த பாட்டுகளில் பல, மேடையில் மைக் பிடித்த ஒருவருக்காக அமைந்தவை. தாளம் தள்ளித் தள்ளி விழும், ஒரு சரணத்தில் இருக்கும் அசை எண்ணிக்கை அடுத்ததில் இருக்காது. டிரம்ஸ் இல்லாமல் ஐம்பது பேர் பாடினால் ஆளுக்கொரு இடத்தில் நுழைவார்கள். மீட்டர் அட்டவணையும் இந்தப் பாட்டுகளுக்கு உதவாது, அவற்றை வேறு மெட்டுக்கு மாற்றவே முடியாது.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹைன்ஸ் சிம்ஸ் தொகுத்த 1956 பதிப்பு, 1940-ல் மெக்கின்னி கொண்டுவந்த பிராட்மேன் ஹிம்னலின் வாரிசு. பழைய கோஸ்பல் பாட்டுகள் வேண்டுமானால் அந்த இரண்டில் ஒன்று போதும். வில்லியம் ரெனால்ட்ஸின் 1975 பதிப்பு நேர்த்தியானது, ஆனால் 1991 கையில் இருக்கும்போது அதைத் தனியே வாங்க வலுவான காரணம் தெரியவில்லை. சதர்ன் பாப்டிஸ்ட்களிடமிருந்து பிரிந்த கூட்டுறவு பாப்டிஸ்ட் வட்டாரத்தில் இருப்பவர்கள் ஜார்ஜியாவின் மேக்கனிலிருந்து 2010-ல் வந்த 'செலிபிரேட்டிங் கிரேஸ்' ஹிம்னலையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அது இந்த வரிசையில் சேராதது.

1956, 1975 பதிப்புகளை வடிவ நோட்டிலும் அச்சிட்டார்கள். டோ முக்கோணம், மி வைரம், சோ வட்டம், லா சதுரம் என்று ஏழு ஸ்வரத்துக்கும் ஏழு வடிவம். திருநெல்வேலிப் பக்கத்துக் கொயர்களில் டோ, ரே, மி என்று எழுத்தால் மெட்டு எழுதும் டானிக் சோல்ஃபா பழகியவர்கள் இதை அரைமணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள். கீ எதுவானாலும் டோ டோதான் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. அப்படிப்பட்ட பிரதி கிடைத்தால் விடாதீர்கள்.

பழைய பிரதி வாங்கும்போது விற்பவரிடம் கேட்கவேண்டியவை: எந்த ஆண்டுப் பதிப்பு என்று உரிமைப் பக்கத்தின் படம். நான்குக்கும் ஒரே பெயர் என்பதால் தலைப்பைப் பார்த்து வாங்கி ஏமாறுவது சகஜம். ஒரே பாட்டு ஒவ்வொரு பதிப்பிலும் வெவ்வேறு எண்ணில் இருக்கும்; இரண்டு பதிப்பு கலந்துவிட்டால் எண் சொல்லிப் பாடவைக்க முடியாது. சபையார் இருக்கைக்கான பிரதியா, கருவி வாசிப்பவருக்கான பெரிய பதிப்பா என்பதையும் கேளுங்கள். சபையில் உழைத்த பிரதிகளில் தையல் பெரும்பாலும் தாங்கும், முதுகு மடிப்புதான் பிய்யும். முன்னட்டையை மட்டும் பிடித்துத் தூக்கினால் உள்ளட்டைத் தாள் விலகுகிறதா என்று பார்த்தால் போதும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பகுதிகளிலும் அழைப்புப் பாட்டுப் பகுதியிலும் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று புரட்டுங்கள், அதிகம் கைபட்டவை அவை. அட்டையில் வேறு சபையின் பெயர் பொன்னெழுத்தில் பொறித்திருந்தால் விலை குறைத்துக் கேட்கலாம்.

பாடுவதற்காக நகல் எடுப்பதானால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உள்ள உரிமைக் குறிப்பைப் படியுங்கள். வாட்ஸ், ஃபாசெட், நியூட்டன் போன்ற பழைய பாட்டாசிரியர்களின் வார்த்தைகளுக்கு யாரும் பணம் கேட்கமாட்டார்கள். ஆனால் அதே பாட்டின் நான்கு குரல் சேர்க்கையை (ஹார்மனி) 1991-ல் யாராவது புதிதாக அமைத்திருந்தால் அதற்கு உரிமை உண்டு. வார்த்தையை மட்டும் தட்டச்சு செய்து தாளில் கொடுத்துவிட்டு, மெட்டைக் காதால் பாடிக்கொண்டால் அந்தச் சிக்கல் இல்லை.